வீட்டைச் சுமப்பவர்கள்: இயக்குநர் கே. பாலசந்தரின் படங்கள்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் திரைப்பட மாலையில், 'தண்ணீர் தண்ணீர்' படம் திரையிடப்படுவதற்கு முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



இருபது நிமிடம் பேசலாம், அதற்கு மேல் போனால் புரொஜெக்டரைப் போட்டுவிடுவேன் என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். முப்பத்தைந்து வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். நேரம் முடிந்ததும் ஷட்டரை இறக்கத் தெரியும்.

இன்று நாம் பார்க்கப்போகும் படத்தின் இயக்குநர் கே. பாலசந்தர். அவர் 1930-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, அன்றைய தஞ்சை மாவட்டத்தில் நன்னிலம் பக்கத்தில் உள்ள நல்லமாங்குடியில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1950-இல் சென்னைக்கு வந்து அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். எனக்கு அவர்மேல் முதலில் பிரியம் வந்ததற்குக் காரணமே இதுதான். அவரும் ஒரு கிளார்க்! காலையில் பேரேடு, மாலையில் நாடக ஒத்திகை என்று வருடக்கணக்கில் ஓடியிருக்கிறார். அன்றைய சென்னையில் அலுவலக ஊழியர்கள் சேர்ந்து நடத்திய அமெச்சூர் நாடகக் குழுக்கள் நிறைய. சபா மேடையில் போட்ட நாடகத்தை மறுநாள் காலை அலுவலகத்திலேயே யாராவது விமர்சித்துவிடுவார்கள். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' எல்லாமே முதலில் நாடகங்களாக இருந்து பிறகு படமானவை. மேஜர் சந்திரகாந்தாக நடித்த சுந்தரராஜனுக்குக் கடைசிவரை 'மேஜர்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

1964-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதினார். அதே ஆண்டில் அவருடைய 'சர்வர் சுந்தரம்' கதையை கிருஷ்ணன்-பஞ்சு படமாக்கினார்கள். அடுத்த ஆண்டு 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநர் ஆனார். ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் கதை. கதாநாயகன் நாகேஷ். சிரிக்க வைக்க மட்டுமே நாகேஷைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவரை நம்பி ஒரு முழுப் படத்தையும் கொடுத்தவர் இவர்.

அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள். தமிழ், தெலுங்கு, இந்தி, கன்னடம் என்று படங்கள், பிறகு தொலைக்காட்சித் தொடர்கள். 1987-இல் பத்மஸ்ரீ, 2010-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது. 2014 டிசம்பர் 23-இல் காலமானார். கமல்ஹாசனை வளர்த்தது, ரஜினிகாந்தை 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அறிமுகம் செய்தது, பிரகாஷ்ராஜைத் தமிழுக்குக் கொண்டுவந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். இந்தப் பட்டியலை நான் படித்தால் இன்று படம் ஓடாது.

அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பாலசந்தரை 'சமூக அக்கறை உள்ள இயக்குநர்' என்கிறோம். அந்த அக்கறை எதில் இருந்தது? என் கணக்கில் அவர் படத்துக்குப் படம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். இந்த வீடு யார் தோள்மேல் நிற்கிறது? எல்லாரும் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமாதானம் ஆகிறார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருக்கிற ஆள் யார்? அந்த ஆளை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

முதலில் 'எதிர்நீச்சல்', 1968. நம்முடையதைப் போலவே பல குடும்பங்கள் இருக்கும் ஒரு கட்டடம். அன்று அதற்கு ஒண்டுக்குடித்தனம் என்று பெயர், இன்று அபார்ட்மென்ட் என்று பெயர். அங்கே மாடிப்படிக்குக் கீழே ஓர் அநாதைப் பையன் குடியிருக்கிறான். 'மாடிப்படி மாது' என்றே அவனுக்குப் பெயர். எல்லா வீட்டு வேலையையும் அவன் செய்கிறான், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டுக் கல்லூரியில் படிக்கிறான். அந்த வீட்டில் நாயர் இருக்கிறார், கிட்டு மாமா இருக்கிறார், பட்டு மாமி இருக்கிறார். இருமல் தாத்தா என்று ஒருவர் உண்டு. அவர் முகத்தைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள், இருமல் சத்தம் மட்டும் கேட்கும். யாருமே கெட்டவர்கள் இல்லை. ஆனால் யாருக்கும் மாதுவின் பெயரைக் கூப்பிட்டு வேலை சொல்வதைத் தவிர வேறு எதற்கும் நேரம் இல்லை. வில்லனே இல்லாமல் ஒரு மனிதனை எப்படிக் கசக்க முடியும் என்று சிரிக்கச் சிரிக்கக் காட்டிய படம் அது.

அதற்கு முந்தைய வருடம் வந்த 'பாமா விஜயம்' இன்னும் கலகலப்பு. ஒரு கூட்டுக் குடும்பம், பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறாள். அவள் முன்னால் பெரிய மனிதர்களாகக் காட்டிக்கொள்வதற்காக மருமகள்கள் மூன்று பேரும் சக்திக்கு மீறிச் செலவு செய்கிறார்கள், வீட்டுக்குள் பொருள்கள் வந்து இறங்குகின்றன, கடன் ஏறுகிறது. தனிநபர் கடன் விண்ணப்பங்களை எத்தனையோ பார்த்தவன் நான். 'தேவை' என்ற கட்டத்தில் கல்யாணம், வைத்தியம் என்று எழுதியிருப்பார்கள். எதிர் ஃபிளாட்டில் வாங்கிவிட்டார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. பாலசந்தர் அதை எழுதியிருந்தார்.

1969-இல் 'இரு கோடுகள்'. என்னைப் போன்ற அலுவலகப் பிராணிகளுக்கு அது சொந்தப் படம். கலெக்டராக வந்து உட்காருபவள் முதல் மனைவி. அவளுக்குக் கீழே கோப்பு எடுத்துக்கொண்டு நிற்பவர் கணவர். வீட்டில் இரண்டாவது மனைவி. ஒரு கோட்டைத் தொடாமல் சின்னதாக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு பெரிய கோடு போட வேண்டும் என்ற எளிய கணக்கை வைத்துக்கொண்டு மூன்று பேருடைய துக்கத்தையும் அளந்து காட்டினார். சௌகார் ஜானகியைக் கலெக்டராகப் பார்த்து, பெண்ணைப் படிக்க வைத்தால் இப்படி உட்காரலாம் போலிருக்கிறதே என்று நினைத்த அப்பாக்கள் உண்டு. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

பிறகு 1973-இல் 'அரங்கேற்றம்'. வறுமையில் வாடும் புரோகிதர் குடும்பம், வரிசையாகக் குழந்தைகள். மூத்த பெண் லலிதா வேலைக்காக வெளியூர் போகிறாள். அந்தக் குடும்பம் நிமிர்வதற்காக அவள் தன் உடம்பையே விலையாகக் கொடுக்கிறாள். அனுப்பிய பணத்தில் தம்பி படிக்கிறான், தங்கைக்கு வாழ்வு வருகிறது. உண்மை தெரிந்ததும் அந்தப் பணத்தைச் சாப்பிட்டவர்களே அவளைத் தள்ளிவைக்கிறார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரப் படம் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டிய படம். வரவு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காமல் செலவு செய்த ஒரு குடும்பத்தின் கணக்கு.

அடுத்த வருடம் 'அவள் ஒரு தொடர்கதை'. சுஜாதா நடித்த கவிதா. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அண்ணன் குடிகாரன், அவனுக்கு மனைவி குழந்தைகள், விதவைத் தங்கை, பார்வை இல்லாத தம்பி. ஒரே சம்பளம், அவளுடையது. அவள் எப்போதும் சிடுசிடுவென்றே இருப்பாள். அதுதான் எனக்குப் பிடித்தது. அதுவரை நம் சினிமாவில் தியாகம் செய்கிற பெண் கண்ணீரோடு புன்னகை செய்வாள். கவிதா கோபப்பட்டாள், அலுத்துக்கொண்டாள், முதல் தேதியன்று கணக்குக் கேட்டாள். சுமப்பவளுக்குக் கோபம் வர உரிமை உண்டு என்று திரையில் ஒப்புக்கொண்ட படம் அது. எண்பதுகளில் எங்கள் கிளையில் என் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்த சில பெண்களை நான் புரிந்துகொள்ள அந்தப் படம் உதவியது.

ஆண்களின் கதை வேண்டுமென்றால் 1980-இல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு'. டெல்லியில் வேலையில்லாமல் திண்டாடும் படித்த இளைஞர்கள். வெறும் தட்டுகளை வைத்துக்கொண்டு சாப்பிடுவதாகப் பாவனை செய்வார்கள், மானத்தை மறைக்க. தத்துவம் படித்த ரங்கன் கடைசியில் முடிதிருத்தும் தொழிலில் நிற்பதை அவன் அப்பா வந்து பார்க்கிறார். எந்தத் தொழிலும் இழிவில்லை என்று நாம் மேடையில் சொல்வோம். நம் பிள்ளை அதைச் செய்தால் தாங்குவோமா என்று அந்தக் காட்சி கேட்டது.

இனி அவருடைய பாணியைப் பற்றிக் கொஞ்சம். மேடையிலிருந்து வந்தவர் என்பதால் நாலு சுவருக்குள் ஒரு முழு உலகத்தை ஓடவிடுவார். ஒரு கதவு திறக்கும் விதத்திலேயே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். பொருள்களையும் பாத்திரங்களாக்குவார். 'அவர்கள்' படத்தில் கமல் கையில் இருக்கும் பேசும் பொம்மை, அதை வைத்திருப்பவர் சொல்ல முடியாததை எல்லாம் சொல்லும். கதையை முடிக்கும்போது சுபம் போட அவருக்கு மனசு வராது. அதே 'அவர்கள்' படத்தில் மூன்று ஆண்களில் யாரையும் மணந்துகொள்ளாமல் அனு ஊரைவிட்டே கிளம்புகிறாள். துணைக்கு வருவது ஒரு காலத்தில் அவளுக்கு மாமியாராக இருந்தவர்! 1977-இல் ஒரு தமிழ்ப் படத்தில் மாமியாரும் மருமகளும் இப்படிச் சேர்ந்து ரயில் ஏறினார்கள். இன்றைய சீரியல்களில்கூட அது நடக்கவில்லை.

வங்கிக்காரன் என்பதால் வரவை மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. பற்றுப் பக்கமும் படிக்க வேண்டும்.

அவர் சில சமயம் அதிகமாகவே குறிப்பால் உணர்த்துவார். ஒரு விஷயத்தைப் பாத்திரம் சொல்லும், பிறகு ஒரு பொருள் சொல்லும், பிறகு பாட்டும் சொல்லும். நமக்குப் புரிந்துவிட்டது சார் என்று கைதூக்கத் தோன்றும். சாதியைப் பற்றி, அவருடைய பெரும்பாலான படங்கள் நேருக்கு நேர் பேசவில்லை. நடுத்தர வர்க்கத்து வீட்டின் ஜன்னலிலிருந்தே அவர் தெருவைப் பார்த்தார்.

இவற்றைவிடப் பெரிய பற்று ஒன்று இருக்கிறது. யார் சுமக்கிறார்கள் என்று கேட்டவர், அந்தச் சுமையை இறக்கி வைக்கச் சொன்னாரா? பெரும்பாலும் இல்லை. கவிதா தன் கல்யாணத்தை விட்டுவிட்டு மறுபடியும் வேலைக்குப் போகிறாள். 'சிந்துபைரவி'யில் சிந்து தன் குழந்தையையே பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். சங்கீத வித்வானுக்குப் பெயரும் திரும்பி வருகிறது, குழந்தையும் கிடைக்கிறது. 'மனதில் உறுதி வேண்டும்' நர்ஸ் நந்தினி, தன்னை விட்டுப்போன கணவனுக்குச் சிறுநீரகம் கொடுக்கிறாள். நாம் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினோம். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, காபி எங்கே என்று கேட்டோம். சுமப்பவளைத் தெய்வமாக்கிவிட்டால் சுமையில் பங்கு கேட்கிற பேச்சே எழாது. மாலை போட்டதால் எந்த மூட்டையும் எடை குறைந்ததில்லை.

இதை அவருமே உணர்ந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் 1984-இல் 'அச்சமில்லை அச்சமில்லை' எடுத்தார். நேர்மையாளன் என்று நம்பி மணந்த கணவன் அரசியலில் சீரழிந்து ஊரையே கெடுக்கும்போது, தேன்மொழி பொறுத்துப் போகவில்லை. அவனைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறாள். சரியா தவறா என்பது வேறு. 'போதும்' என்று சொல்லும் ஒரு பெண்ணை அவரால் எழுத முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது இன்றைய படம். 'தண்ணீர் தண்ணீர்', 1981. கோமல் சுவாமிநாதனின் புகழ்பெற்ற நாடகம். பிற்காலத்தில் 'சுபமங்களா' பத்திரிகையை நடத்தினாரே, அவரேதான். படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் இசை, பி.எஸ். லோகநாத் ஒளிப்பதிவு. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள்.

இதில் பாலசந்தர் தன் நாலு சுவரை விட்டு வெளியே வந்தார். கோவில்பட்டிப் பக்கத்தில் அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமம். குடிக்கத் தண்ணீர் இல்லை. ஊருக்கு வரும் ஓர் அந்நியனுக்கு செவந்தி தண்ணீர் கொடுக்கிறாள். சரிதா அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார். அந்த வெள்ளைச்சாமி அங்கேயே தங்கி, பல மைல் தூரத்திலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பிக்கிறான். ஊர் மறுபடி ஊராகிறது. மனு கொடுத்துப் பார்க்கிறார்கள். தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள். கடைசியில் தாங்களே கால்வாய் வெட்டத் துணிகிறார்கள். தண்ணீர் கொடுக்க முடியாத அரசாங்கம், கால்வாயைத் தடுக்க மட்டும் உடனே வந்துவிடுகிறது. முடிவை நான் சொல்லமாட்டேன்.

படம் வந்த சமயத்தில்தான் நான் வேலையில் சேர்ந்திருந்தேன். சில வருடங்கள் கழித்து மாற்றலாகிப் போனது அதே கரிசல் சீமையில் ஒரு சின்னக் கிளைக்கு. கிணறு வெட்டக் கடன் கேட்டு வருவார்கள். கடன் கொடுப்போம், கிணறும் வெட்டுவார்கள். பல கிணறுகளில் பாறைதான் வரும். தவணைக்கு மட்டும் வறட்சி கிடையாது, அது தேதி தவறாமல் வரும். நோட்டீஸ் எழுதும் வேலை என்னுடையது. நோட்டீஸை வாங்கிக்கொண்டு, வெயிலில் வந்திருக்கீகளே என்று எனக்கு மோர் கொடுத்த வீடுகள் உண்டு. அந்த ஊர்களில் பகல் முழுதும் சாலையோரம் குடத்தோடு நடந்தவர்களில் ஓர் ஆணைக்கூட நான் பார்த்ததில்லை. பாலசந்தர் மிகைப்படுத்திவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

நமக்கும் தண்ணீர்க் கஷ்டம் தெரியும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் வளாகத்தில் நடுராத்திரி லாரி வந்தது, சம்ப்பில் எத்தனை அடி ஏறியது என்று டார்ச் அடித்துப் பார்த்தோம், மெயின்டெனன்ஸ் கூடியது, முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். அதே நாள்களில் நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போன பெண்கள், சாயங்காலம் தங்கள் தெருக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தார்கள்.

இப்போது நான் சொல்லப்போவது சினிமா இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் போட எனக்கு மனசில்லை. போன மாதம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் என் மனைவி, வெயிலாக இருக்கிறதே, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார் என்றாள். வேண்டாம்மா என்றார். காலை ஏழு மணிக்கு வந்தால் ஒரு மணிவரை நான்கு ஃபிளாட்டுகளில் வேலை. இடையில் பாத்ரூம் போக இங்கே அவருக்கு இடம் கிடையாது. கேட்கவும் கூச்சம். அதனால் வீட்டுக்குப் போகும்வரை தண்ணீரே குடிப்பதில்லை, பழகிவிட்டது என்றார். எங்கள் வீட்டிலேயே இத்தனை வருடம் வேலை செய்கிறவர். அன்றிலிருந்து எங்கள் பாத்ரூம் அவருக்கும்தான். ஆனால் வளாகத்தில் அவரைப் போல எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். ஒவ்வொரு வீட்டின் தயவிலும் விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது. அத்திப்பட்டியில் தண்ணீர் இல்லாததால் குடிக்கவில்லை. இங்கே சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு பெண் குடிக்காமல் இருக்கிறார்.

நம் இரவுக் காவலாளியும் மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாதுவின் அதே இடம். 1968-இல் பார்த்துச் சிரித்தோம்.

தரைத்தளத்தில் பணியாளர்களுக்கு ஒரு கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய், காவலாளிக்கு மின்விசிறியோடு ஒரு சிறு அறை. இந்தக் கோரிக்கை அடுத்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. செலவு ஆகும், வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வரும், நானும் ஓய்வூதியக்காரன்தான். எதிர்த்து ஓட்டுப் போட உங்களுக்கு உரிமை உண்டு. யார் சுத்தம் செய்வது, குழாய்ப் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விகளும் நியாயமானவை, பேசி முடிவு செய்யலாம். படத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

படம் முடிந்ததும், அவசரம் இல்லாதவர்கள் பத்து நிமிடம் உட்காருங்கள். பாலசந்தரின் கேள்வியையே நம் கட்டடத்துக்கும் கேட்டுப் பார்ப்போம். பெண்களும் பேச வேண்டும். வழக்கமாகப் பேசுகிற நாங்கள் நாலைந்து பேர் அன்று மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சுண்டல் இடைவேளையில்தான். காவலாளிக்கும் மாலை நேர வேலைக்கு வந்திருக்கும் அம்மாக்களுக்கும் வலது பக்கம் நாற்காலிகள் போட்டிருக்கிறோம், அவர்களும் வந்து உட்காரட்டும். விளக்கை அணைக்கலாம்.



(உரையாளர் நம் வளாகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், வணிகவியல் பட்டதாரி.)